அசையாத கைக்கு ஒரு கடிகாரம்

மழைக்கு ஒதுங்குகிறவர்களைத் தவிர வேறு யாரும் அந்தக் கடைக்குள் நுழைவதாகத் தெரியவில்லை. இரண்டு ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, ஆள் பக்கவாட்டில் திரும்பிப் போக வேண்டிய அகலத்தில் இருந்தது. அவள் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். எண்ணெய் வாசமும், பல காலம் பூட்டியே கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாசமும் கலந்து அடித்தன. சுவர் முழுக்கப் பழைய கடிகாரங்கள். பெரிய கூட்டுக் குடும்பம் மாதிரி, எதுவும் எதோடும் ஒத்துப்போகாமல் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருந்தன.

அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள் வருகிறது. அதற்குத்தான் இந்த அலைச்சல்.

அப்பா லாரி ஓட்டியவர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனிதர். வீட்டில் இருக்கும் நாட்களில்கூட வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருப்பார். போன வருஷம் பக்கவாதம் வந்து இடப் பக்கத்தை மொத்தமாக இழுத்துப் போட்டது. பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, இடது கை மட்டும் திரும்பவில்லை. வாழ்நாளெல்லாம் கியர் போட்ட கை, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது. ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே, "இந்தக் கையை இப்ப யாரும் கண்டுக்கறதே இல்ல, பாப்பா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தக் கைக்கு ஒரு நல்ல கடிகாரம் கட்டிப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவள் முகப்பைப் பார்க்கவில்லை. காதில் வைத்துக் கேட்டாள்.

"என்னம்மா, தேங்காய் வாங்கற மாதிரி கேக்கறீங்க?"

"காதுதாங்க என் பொழப்பு" என்றாள் அவள்.

உண்மைதான். ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை அவள் வேலை. வெளிச்சத்தம் துளியும் நுழையாத சின்ன அறையில் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிடுவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவாள். கேட்டால் அவர்கள் பட்டனை அழுத்த வேண்டும். இவள் மேசையில் சிவப்பு விளக்கு எரியும். கடிகாரத்தின் டிக் டிக் அந்த அறைக்குள் போனால் பரிசோதனையே கெட்டுவிடும் என்பதால், அவள் கையில் கடிகாரம் ஏறியதே கிடையாது. வீட்டில் தம்பி அவளைக் காதுக்காரி என்றுதான் கூப்பிடுவான்.

கடைசியாக எடுத்த கடிகாரம் அவளைப் பிடித்துக்கொண்டது. மங்கிய வெள்ளி முகப்பு, கறுத்த தோல் வார். அதன் சத்தம் மற்றவற்றைப் போல நிதானமாக இல்லை. அவசரமாக நடக்கிறவனின் செருப்புச் சத்தம் மாதிரி இருந்தது. அப்பா நடை.

"ஆனா அவரால ஒரு கையால சாவி கொடுக்க முடியாதுங்க."

"அப்ப இதுதாம்மா சரி. ஆட்டோமேட்டிக். சாவியே வேண்டாம், கையில இருந்தா தானா ஓடும்." அவர் துணியால் கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு பழைய வீட்டுச் சாமானோட வந்தது. பீரோவுல பூட்டிக் கிடந்துச்சு. நான் எடுக்கறப்பவே ஓடிட்டிருந்துச்சு, பாருங்க. அந்த வீடு ஒரு கூத்து. ஒரு ரூமுக்கு வெளிப்பக்கம் மட்டும் வரிசையா தாழ்ப்பாள். திறக்கறதுக்குள்ள என் விரல் தேஞ்சுடுச்சு."

அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

பிறந்தநாள் வரைக்கும் கடிகாரம் அவள் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. பிறந்தநாளுக்கு முந்தின நாள் மாலை அதைத் தம்பியிடம் காட்டினாள். தம்பி செல்போன் பழுது பார்ப்பவன். எதைப் பார்த்தாலும் பிரித்துப் பார்க்கத் தோன்றும் ஜாதி. திருப்பித் திருப்பிப் பார்த்தவன் முகம் சுருங்கியது.

"அக்கா, இது கை அசைஞ்சாத்தான் ஓடும். உள்ள ஒரு தகடு ஆடி ஆடி அதுவே முறுக்கிக்கும். அப்பா கைதான் அசையாதே?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கையால் சாவி கொடுக்க முடியாதே என்று யோசித்தவள், சாவிக்குப் பதில் எது ஓட்டும் என்று யோசிக்கவில்லை. அவள் மனசுக்குள் அப்பா இன்னும் இரண்டு கையையும் வீசித்தான் நடந்துகொண்டிருந்தார்.

"போடி காதுக்காரி" என்று சிரிக்க வாயெடுத்தவன் அப்படியே நின்றான். "எத்தனை நாளா இது உள்ள இருக்கு?"

"வாங்கினதுலேருந்து. ஒரு வாரம் இருக்கும்."

"ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள் தாங்கும். அதுக்கு மேல நின்னுடும்."

இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

ஓடிக்கொண்டிருந்தது.

"நல்ல சரக்கு போல" என்று தம்பி தோளைக் குலுக்கினான். ஆனால் அதைக் கையில் வைத்திருக்கப் பிடிக்காதவன் போலச் சட்டென்று அவளிடம் கொடுத்துவிட்டான்.

மறுநாள் அப்பா சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டினார். அதாவது, அம்மா அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தாள், அவள் கட்டினாள். அப்பா கண் கலங்கிவிட்டது. "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்று அம்மா கேலி செய்தாள். அசையாத கையில் கடிகாரம் அவசரமாக நடந்தது. அவளும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதோடு சரி.

சில நாட்களில் சுண்டுவிரல் அசைந்தது.

அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அடுத்து கட்டைவிரல், அடுத்து மணிக்கட்டு. கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண் தன் கைராசி என்று பூரித்துப் போனாள். அம்மா யாரைப் பார்த்தாலும், "என் பொண்ணு வாங்கிக் கொடுத்த கடிகாரம் வந்த நேரம்" என்றாள். அவளுக்கும் நிலைகொள்ளாத சந்தோஷம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வராததுமாக அந்தக் கையைத்தான் போய்ப் பார்ப்பாள்.

ஒரு மத்தியானம் அப்பா ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கை மட்டும் விழித்திருந்தது.

அது ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவியது. கொக்கியைக் கண்டுபிடித்தது. திறந்தது. பிறகு கம்பிகளுக்கு வெளியே நீண்டு, ஜன்னல் கதவின் மறுபக்கத்தைத் தடவித் தடவி எதையோ தேடியது. திறந்துவிட்ட கதவின் வெளிப்பக்கத்தில் அதற்கு என்ன வேலை?

அவளுக்குக் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. வெளிப்பக்கம் மட்டும் வரிசையாகத் தாழ்ப்பாள்.

"அப்பா."

அவர் கண் விழித்தார். கை மடியில் விழுந்து, ஒன்றும் தெரியாதது போலக் கிடந்தது. அவர் அதைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, நான் ஆட்டல. அதுவா ஆடுது. உங்கம்மாகிட்ட சொல்லாதே, பாவம், சந்தோஷமா இருக்கா."

"எப்பலேருந்துப்பா?"

"ஆரம்பத்துலேருந்தே." வலது கையால் காதைத் தடவிக்கொண்டார். "அதோட, பக்கத்துல யாரோ மூச்சு விடற சத்தம் கேக்குது. ஓடி வந்து நிக்கறவன் மாதிரி. எனக்குக் காதுல கோளாறா பாரேன்."

காதில் கோளாறு என்றால் அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மறுநாள் மதிய இடைவேளையில், நோயாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்து அப்பாவை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தாள். தம்பி கொண்டுவந்து விட்டுவிட்டு வண்டி நிறுத்தப் போனான். அவள் அப்பாவைச் சின்ன அறையில் உட்கார வைத்தாள். ஹெட்போன் மாட்டினாள். பட்டனை வலது கையில் கொடுத்தாள். கடிகாரத்தைக் கழற்ற வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. தினம் வருகிற எல்லோரிடமும் முதலில் சொல்வதே அதுதான். பெற்ற அப்பாவிடம் மறந்தாள்.

கனத்த கதவைச் சாத்தி, கைப்பிடியை வெளியிலிருந்து இறுக்கினாள்.

முதல் ஒலி. விளக்கு எரிந்தது. இரண்டாவது ஒலி. எரிந்தது. இன்னும் மெல்லியது, அதற்கும் எரிந்தது. அப்பாவுக்குக் காது பாம்புக் காது என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு, அவள் ஒன்றும் அனுப்பாமலே விளக்கு எரிந்தது.

வயசானவர்கள் குத்துமதிப்பாக அழுத்துவதுண்டு. அவள் காத்திருந்தாள்.

மறுபடி எரிந்தது.

மறுபடி. மறுபடி. நிற்காமல், கதவைத் தட்டுவது போல.

அவள் நிமிர்ந்து கண்ணாடி வழியே பார்த்தாள். அப்பாவின் வலது கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தது. பட்டன் இடது கையில் இருந்தது. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளிருப்பவர் பேசுவதைக் கேட்கும் மைக்கின் விசையை அவள் போட்டாள்.

டிக் டிக் டிக் டிக்.

அதற்குள் அப்பாவின் மூச்சு. சின்னதாக, விக்கி விக்கி.

அதற்கும் பக்கத்தில் இன்னொரு மூச்சு.

மனித மூச்சைக் காலமெல்லாம் கேட்டுப் பழகிய காது அவளுடையது. அது தப்பாகக் கேட்காது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள்.

அவள் பாய்ந்து கைப்பிடியைத் திருகினாள். கதவு திறந்ததும் சில்லென்று ஒரு காற்று, பூட்டி வைத்த பெட்டியின் வாசத்தோடு முகத்தில் அடித்தது. இடது கை பட்டனை வீசிவிட்டுக் கதவின் விளிம்பைத் தாவிப் பிடித்தது. பிடித்த வேகத்தில் அப்பாவே நாற்காலியிலிருந்து இழுபட்டார்.

"கழட்டு" என்றார் அப்பா. "கழட்டிடு, பாப்பா."

"கை போயிடும்ப்பா. மறுபடி..."

"போகட்டும். அது என் கை இல்ல."

அவள் வாரில் விரல் வைத்தாள். அந்தக் கை கதவை விட்டுவிட்டு அவள் இடது மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது. அப்பா ஒருநாளும் அவளை அப்படிப் பிடித்ததில்லை. பனிக்கட்டி போன்ற பிடி. முரட்டுத்தனம் இல்லை, ஆனால் கெஞ்சல் இருந்தது. கூட்டத்தில் தொலைந்த பிள்ளை பிடிக்கிற பிடி. ஒரு நொடி அவளுக்கு இரக்கமாகக்கூட இருந்தது. அடுத்த நொடி வாரை உருவினாள்.

கை தொப்பென்று விழுந்தது.

அப்பா அதை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள். போன வருஷம் ஒரு தடவை இழந்த கையை, இந்தத் தடவை தன் கையாலேயே பிடுங்கிவிட்டாள்.

தம்பி அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப் போனான். அவள் நேராகக் கடைக்குப் போனாள். வழியெல்லாம் கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றி, உடம்பில் படாமல் பிடித்திருந்தாள். கடைக்காரர் அதைப் பிரித்துப் பார்த்தார். ஆட்டினார். காதில் வைத்தார். மறுபடி ஆட்டினார்.

"என்னம்மா இது, நின்னு போயிருக்கு? எவ்வளவு ஆட்டினாலும் மூச்சுக் காட்டல."

"நின்னுடுச்சா?" அவள் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டாள். "நல்லவேளை. நீங்களே வச்சுக்கங்க. யாருக்கும் கொடுக்காதீங்க."

அவர் மறுகேள்வி கேட்பதற்குள் படியிறங்கிவிட்டாள். தலைமேல் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஏனோ நடை மட்டும் நிற்கவில்லை. பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, அடுத்த நிறுத்தத்தையும் தாண்டி, வீடு வரை நடந்தே வந்துவிட்டாள்.

கடிகாரத்தைக் கழற்றிய கோபத்தில் அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்பா வழக்கமான இடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் கை அசையாமல் கிடந்தது. அவர் முகத்தில் பல நாட்களாக இல்லாத தெளிவு.

"வா, பாப்பா. உங்கம்மா கோவம் நாளைக்குப் போயிடும். பாரு, எவ்வளவு சமர்த்தா கிடக்குது! சும்மா கிடந்தாலும் இது என் கை."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளில் சாய்ந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. சாய்ந்தாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக இருவர் மடியிலும் விழுந்தது.

அப்பாவின் பார்வை அவள் மடிக்கு வந்தது.

"உன் கையில என்ன அது?"

அவள் குனிந்து பார்த்தாள். இடது மணிக்கட்டைச் சுற்றி வெளுத்த பட்டை ஒன்று இருந்தது. பல வருஷம் கடிகாரம் கட்டிய கையில், வெயில் படாமல் விழும் தடம். நடுவில் வட்டமாக, முகப்பு இருந்த இடம்கூடத் தெரிந்தது.

கையில் கடிகாரமே ஏறாதவள் அவள்.

அப்பா தன் நல்ல கையால் அவள் கையை எட்டிப் பிடித்தார். லாரியை மலைப்பாதையில் அடக்கிய கை; இருந்த பலத்தையெல்லாம் கூட்டிப் பிடித்தார். அப்படியும் அவள் விரல்கள் அந்தப் பிடிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக நழுவி, ஜன்னல் கம்பியைத் தொட்டு, கொக்கியைத் தேடி மேலே ஏறின.

"அப்பா" என்றாள் அவள் மெதுவாக. "நான் ஆட்டலப்பா."