ஒன்பதாம் வரி

கரும்பலகையிலிருந்து கையை எடுத்த பிறகும் எழுதும் சத்தம் நிற்கவில்லை. வாங்குகளில் உட்கார்ந்திருந்த பதினொரு பேரும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். அம்புறோஸ் மாஸ்டர் காதைத் தீட்டினார். வெண்கட்டி உரசும் அந்தச் சத்தம் பலகைக்குள்ளிருந்து, அவருக்கு ஒரு வரி முந்தி, வந்துகொண்டிருந்தது.

தூக்கமில்லாததுதான் காரணம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். கண்டியின் கணித ஆசிரியர்கள் மாதமொருமுறை சனிக்கிழமை பின்னேரம் கூடிப் பேசும் கூட்டம் அது. அம்பிட்டிய மலையிலிருந்து இறங்கிய ஐப்பசி மழை ஓட்டில் கொட்ட, ஈரக்குடைகளின் முடைநாற்றமும் வெண்கட்டித் தூளும் சேர்ந்து தொண்டையை அடைத்தன. வாரத்துக்கு முப்பத்திரண்டு பாடம், அதற்குமேல் ரியூசன், பதினாறு வருடமாக இதே பிழைப்பு. அலுத்துப்போயிருந்தார் மனுஷன். இன்றைய பேச்சு எடுபட்டால் கொழும்பில் விரிவுரையாளர் வேலை. அதைத் தரவேண்டிய பேராசிரியர் முன்கதிரையில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் பலகையில் இருந்த கணித நிறுவல் மாஸ்டருடையதல்ல. போன மார்கழியில் மலேரியா கொண்டுபோன வலன்ரைனுடையது. இருவரும் ஒரே அறையில் குடியிருந்தவர்கள். சிநேகிதனின் உடல் சூடு ஆறுமுன்னே தலையணைக்கடியிலிருந்து கணக்குக் கொப்பியை உருவியவர் இவர். கொப்பி எட்டாம் வரியோடு நின்றுவிட்டது. பத்து மாதம் மண்டையை உடைத்தும் ஒன்பதாம் வரி வரவில்லை. கடைசியில், வழி தெரியாத கணக்கு வாத்திமார் செய்யும் கள்ள வேலையையே செய்தார்: 'இது வெளிப்படை' என்று பலகையில் எழுதி, முடிவுக்குத் தாவினார்.

"மாஸ்டர், உது எனக்கு வெளிப்படையாத் தெரியேல்லையே," என்றார் பேராசிரியர். "அந்த ஒன்பதாம் வரியை எழுதிக் காட்டுங்கோ பாப்பம்."

மாஸ்டர் நேரம் கடத்துவதற்காகத் திரும்பி வெண்கட்டியைப் பலகையில் வைத்தார். மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

யாரையும் காணவில்லை. ஐந்து விரல்கள் மட்டும். கொதிக்கும் விரல்கள், காய்ச்சல்காரனின் நடுக்கத்தோடு. அவர் கை ஒன்பதாம் வரியை எழுதத் தொடங்கியது. இடப்பக்கம் சாய்ந்த, வலன்ரைனின் எழுத்து.

"ஓம், ஓம்! வடிவான வேலை," பேராசிரியர் எழுந்துவிட்டார். "தை மாசமே கொழும்புக்கு வாங்கோ."

கைதட்டல். வேண்டியது கிடைத்துவிட்டது. கை நிற்கவில்லை.

மாஸ்டர் உதவிக்குக் கூப்பிட வாயைத் திறந்தார். பற்கள் கிட்டிக்கொண்டன. எலும்புக்குள் குளிர்.

பலகையில் எழுதுகிறவர் தாமாக வெண்கட்டியைக் கீழே வைக்கும்வரை யாரும் அவரை நிறுத்துவதில்லை. அது அந்தக் கூட்டத்தின் மரியாதை.

"மாஸ்டருக்கு இன்னும் என்னமோ உதிக்குது," என்றார் செயலாளர் பளீல் மெல்லிய குரலில். "கரைச்சல் குடுக்க வாணாம். வாங்க, பிலிமத்தலாவை பஸ் போயிடும்."

எல்லோரும் வெளியேறியதும் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

பலகை நிறைந்தது. கை சுவருக்குத் தாவியது. வெண்கட்டி தேய்ந்தது. முடிந்தது. நகம். பிறகு விரல்நுனி.

வலன்ரைன் இன்னும் முடிக்கவில்லை. அறைக்கு நான்கு சுவர். முதல் சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பில், இடப்பக்கம் சாய்ந்து, இருபதாம் வரி சிவப்பாக நீண்டுகொண்டிருந்தது.