கண்ணாடியின் உட்புறத்து மூச்சு

ஆம்ப்ரோஸ் மூன்றாவது முறையாகத் துடைத்தும் கண்ணாடியில் படிந்திருந்த மூச்சு போகவில்லை. எஃகுக் கலத்தின் வயிற்றில் பதித்த, உள்ளங்கை அகல வட்டச் சன்னல் அது. யாரோ வாயை ஒட்டவைத்து ஊதியது போன்ற அந்த மங்கல் உட்புறத்தில் இருந்தது. உள்ளேயோ காற்றே இல்லை. காலையில் அவர்தான் பம்பு போட்டு உறிஞ்சி எடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். முந்தின நாள் தீபாவளி, அன்று கல்லறைத் திருநாள். பல்கலைக்கழகத்தின் அந்த நிலவறை ஆய்வுக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. பம்பு ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. சூடேறிய காந்தச் சுருள்களின் வார்னிஷ் வாடையோடு மெழுகு வாடையும் கலந்திருந்தது. மின்தகடுகளுக்கு நடுவே வாயு மூலக்கூறுகளை ஓடவிட்டு, வேகத்தைப் படிப்படியாகப் பிடுங்கி, காந்தப்புலத்துக்குள் அசையாமல் நிறுத்துவதுதான் டாக்டர் அப்துல் முத்தலிப்பின் ஆராய்ச்சி. வேகம் குறைவதுதான் குளிர் என்பார் அவர். இரண்டு மணிக்கொரு தடவை திரவ நைட்ரஜன் ஊற்றுவது ஆம்ப்ரோஸின் வேலை.

அதனால் கல்லறைக்குப் போக முடியவில்லை. இறந்துபோன மனைவி மதலேனாவுக்கு இதுதான் முதல் கல்லறைத் திருநாள். அங்கே ஏற்ற வேண்டிய மெழுகுவர்த்தியை, மனது கேட்காமல், இங்கேயே கலத்தின் முன்னால் ஏற்றி ஒரு செபமும் சொன்னார். மூச்சு படிந்தது அதற்குப் பிறகுதான்.

ஜூன் மாதம் ஆஸ்பத்திரியில் அவள், "குளிருதுங்க, போர்த்தி விடுங்க" என்றாள். நைட்ரஜன் ஊற்றும் நேரமாகிவிட்டது, வந்து போர்த்துகிறேன் என்று ஓடினார். திரும்பி வந்தபோது முகம்வரை போர்த்தியிருந்தார்கள். அந்த ஓட்டத்துக்காக அவர் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

மங்கலின் மேல் இப்போது ஒரு கோடு இறங்கியது. குறுக்கே இன்னொன்று. அவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் கட்டைவிரலால் நெற்றியில் போட்டுவிடுவாளே, அதே சின்னச் சிலுவை. அதே சாய்வு.

தொலைபேசி மணி அடித்தது. டாக்டர்தான்.

"போதும் ஆம்ப்ரோஸ். ஃபீல்டை ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போங்கலா."

"சரி டாக்டர்."

விசைமேல் விரலை வைத்தார். காந்தப்புலம் போனால் உள்ளே நிற்பது நிற்காது. அவள் போய்விடுவாள். கிளமெண்டியிலுள்ள வீட்டில் ஒற்றைத் தட்டும் ஒற்றைத் தலையணையும் காத்திருக்கின்றன.

விரலை எடுத்துவிட்டார்.

சிலுவை அழிந்தது. அந்த இடத்தில் ஒரு கை வந்து பதிந்தது. ஐந்து விரல்கள். நகங்கள் உறைபனியைச் சுரண்டின. சத்தமில்லை. காற்றில்லாத இடத்தில் சத்தம் எப்படி வரும். கை கண்ணாடியைத் தட்டியது. மறுபடி. மறுபடி. வெளியே விடச் சொல்லும் தட்டல். அவருக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

"இந்தத் தடவை எங்கேயும் போக மாட்டேன் மதலேனா."

இரவுப் பணிக்கென்று அலமாரியில் வைத்திருந்த கம்பளியை எடுத்து, சன்னல் மறையக் கலத்தின்மேல் போர்த்தினார். ஓரங்களை அக்கறையாகச் செருகினார். பிறகு நைட்ரஜன் குடுவையைத் தூக்கி ஊற்றத் தொடங்கினார்.

வெண்புகை தரையில் வழிந்தது. மெழுகுவர்த்தி அணைந்தது. கம்பளி ஏறி இறங்கியது.

வேகமாக. பிறகு மெதுவாக. இன்னும் மெதுவாக.

அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.