சனியும் வியாழனும் ஒரு ரிச் கேக்கும்

2020 டிசம்பர் 21, மாலை ஏழேகால். கொட்டகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தேவாலயத்தின் பின்னறையில் கேக் பெட்டி திறந்து கிடந்தது. பிள்ளைகளின் நத்தார் விழாவுக்கு ஹட்டனிலிருந்து வாங்கி வந்த, முந்திரியும் உலர்பழமும் போட்ட ரிச் கேக்கில் பாதியைக் காணவில்லை. பூட்டு உடையவில்லை.

சாவிகள் இரண்டு. ஒன்று காவலாளி செல்லசாமியிடம், மற்றது ஆலயத்தில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ஜீவராஜிடம்.

சற்று முன்புவரை தோட்டத்துச் சனமெல்லாம் மைதானத்தில்தான் நின்றது. என் மனைவி சுதர்ஷினி விஞ்ஞான டீச்சர். இயேசு பிறந்தபோது ஞானிகள் கண்ட நட்சத்திரம் ஒரு வால்வெள்ளியாக இருக்கலாம், வெடித்த விண்மீனாக இருக்கலாம், இரண்டு கோள்கள் நெருங்கி ஒன்றுபோல் ஒளிர்ந்ததாகவும் இருக்கலாம் என்று விளக்கினாள்.

"மூணாவதை இன்னைக்கு நீங்களே பாக்கலாம். வியாழனும் சனியும்."

பொழுது சாய்ந்த மலைக்கு மேல் பனி விலகியது. இரண்டு ஒளிப்புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. முகக்கவசம் மாட்டிய சனம் வாயடைத்து நின்றது.

செல்லசாமி மட்டும் அதற்கு முன்பே நழுவியிருந்தார்.

"எங்க போனீங்க?" சுதர்ஷினி இப்போது கேட்டாள்.

"வீட்டுக்கு, டீச்சர். போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்துட்டேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"எல்லாரும் மைதானத்துல. எனக்கு ஏழரைச் சனி நடக்குது. அவரு கிட்ட வர்ற நேரமாப் பாத்து நானே போயி எதுக்க நிப்பேனா?"

"கதை விடுறான்," என்றார் ஜீவராஜ். "சாவியை வாங்குங்க. நாளையிலேருந்து வேற காவலாளி."

செல்லசாமியின் கை சாவியை இறுக்கியது. தேயிலை மலையில் வேலை நின்றபின் அவருக்கு இருந்தது இந்த ஒரு வேலைதான்.

"நீங்க எங்க நின்னீங்க, உபதேசியார்?"

"ஆலய வாசல்ல. பின்பக்கம் யாரு போனாங்கன்னு கவனிக்கல. நட்சத்திரத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். வேதத்துல சொன்ன மாதிரியே கிழக்கால, பளபளன்னு. கண்ணுல தண்ணி வந்துருச்சு."

சுதர்ஷினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். யாருடைய பொய்யையாவது பிடித்துவிட்டால் அப்படித்தான் செய்வாள். கல்யாணமான புதிதில் எனக்கே பலமுறை துடைத்திருக்கிறாள். அவள் போனபின், இன்று அந்தக் கண்ணாடி என் மேசையில் இருக்கிறது.

"கேக்கை எடுத்தது நீங்கதான், உபதேசியார். நட்சத்திரம் தெரிஞ்சது பொழுது விழுந்த பக்கம். மேற்குல. கிழக்குலன்னு வேதத்துல இருக்கறதை அப்படியே சொல்லிட்டீங்க, வானத்தைப் பாக்கவே இல்ல. செல்லசாமியும் பாக்கல. ஆனா அவரு பாக்கலைன்னு சொன்னாரு."

ஜீவராஜ் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டார்.

"முகக்கவசத்தைக் கொஞ்சம் கழட்டுங்க."

"கொரோனா காலம், டீச்சர்."

"தள்ளித்தான் நிக்கிறேன்."

கழற்றினார். மீசையில் கேக் தூளும் ஒரு முந்திரித் துண்டும் இருந்தன.

"சீனி வருத்தம்னு வீட்டுல இனிப்பைக் கண்ணுலயே காட்ட மாட்டாங்க," என்றார் மெல்ல. "ருசி பாக்கத்தான் போனேன்."

"பாதி கேக்கையா?"

புதுக் கேக் உபதேசியாரின் செலவு என்று முடிவானது. நத்தார் முடியும்வரை இரண்டு சாவிகளும் செல்லசாமியிடம். அவற்றை மடியில் முடிந்துகொண்டு வாசலுக்குப் போனவர், மேற்கே திரும்பி ஒரு கும்பிடு போட்டார். மலைக்குப் பின்னால் கோள்கள் மறைந்திருந்தன.

"சனி பகவான் வந்து என் வேலையைக் காப்பாத்தினாருன்னு சொன்னா, வீட்டுல நம்ப மாட்டாங்க டீச்சர். நீங்களே ஒரு வார்த்தை வந்து சொல்லிடுங்க."