அம்மாவின் ஐந்து கிலோ கொழுந்து

“யாரு எங்கம்மா கூடையத் தொட்டது?”

ஜெயந்தினி போட்ட சத்தத்தில் பக்கத்து மலையில் கொழுந்து பறித்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

அன்று சனிக்கிழமை. பசறைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா கலாராணிக்கு அவள் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்த அம்மா, “தம்பிக்குப் பால் குடுத்துட்டு வர்றேன், கூடையப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு, கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கிப் போனார். ஜெயந்தினி சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போய்வந்தது ஐந்தே நிமிடம்.

அதற்குள் இப்படி!

கொழும்பிலிருந்து வந்த ஓர் அக்கா, வாடகைச் சேலை கட்டி, அம்மாவின் கூடையை முதுகில் மாட்டியிருந்தார். கொழுந்தை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி மேலே வீசினார். கூட வந்த அண்ணன் வீடியோ எடுத்தார். அவர்களை வேனில் கூட்டிவந்த வழிகாட்டி நிஷாந்த், “இன்னும் ஒயரமா வீசுங்க!” என்று கத்தினான். கொழுந்தெல்லாம் சேற்று வடிகானில் விழுந்தது.

“சும்மா ஒரு வீடியோ தங்கச்சி. இலதானே? செடியில எவ்வளவோ இருக்கு” என்றான் நிஷாந்த்.

“செடியில இருந்தா அது இல. கூடைக்கு வந்துட்டா அது எங்கம்மா வேலை!”

நிஷாந்த் சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினான். ஜெயந்தினிக்கு வாய் பிளந்து கிடக்கும் தன் பள்ளிச் சப்பாத்து நினைவுக்கு வந்தது. அது நினைவுக்கு வந்ததாலேயே கோபம் இன்னும் ஏறியது.

“நாலு மணிக்கு நிறுப்பாங்க. பதினெட்டுக் கிலோ இல்லன்னா எங்கம்மாவுக்கு அரைநாள் சம்பளந்தான். நீங்க கொட்டினது அஞ்சு கிலோ இருக்கும். இந்தத் தாளத் தராசுல வச்சா அஞ்சு கிலோ காட்டுமா?”

அந்த அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. “நிஷாந்த், இது வாடகைக் கூடைன்னு சொன்னீங்களே?”

நிஷாந்த் தலையைச் சொறிந்தான்.

“இப்ப நாங்க என்ன செய்யணும்மா?” என்று அக்கா கேட்டார்.

“பறிங்க.”

திரும்பி வந்த அம்மா பதறிப்போனார். “விடுடி! வந்தவங்ககிட்டப் போயி...”

“விட மாட்டேன்!”

மூன்று பேரும் பறித்தார்கள். ஜெயந்தினி வாத்தியாரைப் போலப் பின்னாலேயே நடந்தாள். “ரெண்டு இல, ஒரு மொட்டு. கொப்ப ஒடிக்காதீங்க!” அண்ணனின் காலில் அட்டை ஏறியது. அவர் குதித்த குதியில் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜெயந்தினி சிரிக்கவில்லை.

நிஷாந்த் மட்டும் படபடவென்று கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். ஜெயந்தினி சந்தேகப்பட்டுக் கையை விட்டுப் பார்த்தாள். அடியில் எல்லாம் முற்றின இலை.

“இது வேணாம்.”

“நிறை கூடும்ல தங்கச்சி? ஒங்கம்மாவுக்குத்தானே நல்லது?”

“எங்கம்மா இப்படிப் பறிக்க மாட்டாங்க.” ஒரு பிடி விடாமல் அள்ளி வெளியே போட்டாள். கூடை பாதியாக இறங்கியது. நிஷாந்த் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

நான்கு மணிக்குக் கங்காணி அழகையா கூடையைத் தராசில் மாட்டினார். முள் ஆடி ஆடி நின்றது.

“பதினெட்டரை. முழுநாள்” என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

“இன்னும் ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்று அம்மா கேட்டார்.

“ஒங்ககிட்ட ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கலயே!”

வேன் கதவில் கை வைத்த நிஷாந்துக்கு அது கேட்டது. விரலெல்லாம் கறை படிந்திருக்க, சரிவில் ஏறித் திரும்பி வந்து அம்மாவின் முன்னால் நின்றான்.

“அக்கா, ஒங்களக் கேக்காம எடுத்தது பிழை. பொய்யும் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க.”

வேனில் வந்த யாரும் அம்மாவிடம் இப்படிப் பேசியதில்லை. “சரி தம்பி, பாத்துப் போங்க” என்றார் அம்மா.

அப்போதுதான், தான் இன்னும் சாப்பிடவில்லை என்பதே ஜெயந்தினிக்கு உறைத்தது. வயிறு என்னமாய்ப் பசித்தது!