எட்டரை மணிப் பார்வையாளர்

சுண்டெலி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மூன்று வாரமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

சுண்டெலி என்றதும் எலி என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்பு படிக்கும் பெண் அவள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். அப்பா செல்லமாகக் கூப்பிட, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

அந்தக் கம்ப்யூட்டரைச் செய்ததும் அப்பாதான். தூரத்து ஊர் ஒன்றில், கப்பல் கட்டும் பட்டறையில் அவருக்கு வெல்டர் வேலை கிடைத்தது. "நான் இல்லாத வீட்ல நீங்க ரெண்டு பேரும் பயமில்லாம இருக்கணும்" என்று சொல்லி, கேட், மாடிப்படி, கொல்லை, சந்து என்று நான்கு இடத்தில் கேமரா மாட்டினார். ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் பெரிய டிஸ்க் வைத்து, நான்கு கேமராவும் பார்ப்பதையெல்லாம் அதில் பதிவாகும்படி செய்தார். அவர் ஸ்க்ரூ முறுக்கும்போது டார்ச் பிடித்தது சுண்டெலிதான்.

பிறகு துணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஐந்து மாதம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? படிக்கிறியா?" என்று மூன்று கேள்வி. உடனே, "சரி, அம்மாகிட்ட குடு." அவ்வளவுதான். அவள் வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த விஷயமெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். விழுந்த பல்லைப் பற்றிச் சொல்ல நினைத்தாள். அந்த இடத்தில் புதுப்பல்லே முளைத்துவிட்டது.

அப்பாவுக்கு என்னை மறந்தே போச்சு என்று நினைத்துக்கொள்வாள். யாரிடமும் சொல்லமாட்டாள். பள்ளி விட்டு வந்ததும் மேசைக்கு அடியில் நுழைந்து, அப்பா செய்த அந்தப் பெட்டியின்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவாள். அப்பா இருந்த இடத்தில் இப்போது அதுதான் இருந்தது.

அதற்குத்தான் உடம்பு சரியில்லை. உள்ளே இருக்கும் விசிறி அடிக்கடி கர்ரென்று கத்தியது. பதிவைப் போட்டுப் பார்த்தால் விட்டுவிட்டு ஓடியது. பால்காரர் கேட்டுக்கு வெளியே நிற்பார். அடுத்த நொடி மந்திரவாதி மாதிரி மாடிப்படியில் நிற்பார். நடுவில் நடந்ததெல்லாம் காணாமல் போயிருக்கும்.

"திருடன் வந்தாலும் இப்படித்தான் அரைகுறையாத் தெரிவான்" என்றாள் அம்மா. அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். அரைகுறை வேலை அவளுக்குப் பிடிக்காது. ரிப்பேர் அக்காவை வரச் சொன்னாள்.

அக்கா மூன்று முறை வந்தாள். தூசியை ஊதினாள். டிஸ்க்கைச் சோதித்தாள். மெமரியை மாற்றிப் போட்டாள். அவள் எப்போதும் பகல் பதினொரு மணிக்குத்தான் வருவாள். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் பரம சாதுவாக ஓடும். அவள் போனபின், சாயங்காலம் ஏழு மணி ஆனதும் மறுபடி கர்ர்ர்!

மூன்றாவது முறை வந்தது ஒரு புதன்கிழமை. சுண்டெலிக்கு அன்றைக்குக் காய்ச்சல். பள்ளிக்குப் போகாமல் போர்வைக்குள் கிடந்தாள்.

"எனக்கு முன்னாடி நல்லாத்தான் ஓடுது. ஆனா இதுக்கு வயசாயிடுச்சு" என்றாள் அக்கா. "சனிக்கிழமை வந்து இதை எடுத்துட்டு, கடையில விக்கிற புதுப் பெட்டியை வெச்சுடறேன்."

சுண்டெலி துள்ளி எழுந்தாள். "எடுக்கக் கூடாது! இது அப்பா செஞ்சது!"

"வேலை செய்யாததை வெச்சுக்கிட்டு என்ன பண்றது கண்ணு?" என்று அம்மா தலையைத் தடவினாள்.

அக்கா போன பிறகும் சுண்டெலிக்குத் தூக்கம் வரவில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். காலையில் அவள் படுத்திருந்தபோது விசிறி கத்தியது நன்றாக நினைவிருந்தது. ஒன்பதே கால் தாண்டியதும் யாரோ வாயைப் பொத்தியது போல நின்றுவிட்டது. அப்போது என்னதான் நடந்தது?

போர்வையைச் சுற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பதிவு செய்யும் புரோகிராமில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒரு பக்கத்தில் நாட்குறிப்பு மாதிரி ஏதோ இருந்தது. கேமராவை யார் பார்த்தார்கள், எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று அது எழுதிவைத்திருந்தது. "அம்மா போன்" என்று இரண்டு வரி. மற்றதெல்லாம், பெயர் கொடுக்காமல் நுழைந்தவர் என்ற கணக்கில், "விருந்தினர்".

யார் இந்த விருந்தினர்?

மூன்று வாரமாகத் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து, மறுநாள் காலை வரை நான்கு கேமராவையும் பெரிய அளவில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பாவம் கம்ப்யூட்டர்! பதிவும் செய்ய வேண்டும், நான்கு படத்தையும் அவர் கேட்ட அளவுக்கு மாற்றி அனுப்பவும் வேண்டும். கத்தாமல் என்ன செய்யும்?

திங்கள், 8:32-க்குப் போயிருக்கிறார். செவ்வாய், 8:31. இன்றைக்கு மட்டும் 9:20.

சுண்டெலி பள்ளிக்குக் கிளம்புவது எட்டரைக்கு. இன்றைக்கு அவள் கிளம்பவில்லை.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "அம்மா! யாரோ நான் ஸ்கூலுக்குப் போறதைத் தினமும் பாக்கறாங்க!"

அம்மா தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஐயையோ! எவன்டா அவன், நம்ம வீட்டையே வேவு பாக்கறவன்? முதல்ல பாஸ்வேர்டை மாத்து!"

சுண்டெலியின் கை கீபோர்டு வரை போய் நின்றது.

"அம்மா, ஒரு நிமிஷம். திருடன்னா நாம வீட்ல இல்லாதப்பதானே பாக்கணும்? இவர் நான் கிளம்பினதும் போயிடறார். ஞாயித்துக்கிழமை மட்டும் நாள் பூரா இருக்கார். ஞாயித்துக்கிழமை யாரும்மா வேலைக்குப் போகமாட்டாங்க?"

"ஊர்ல பாதிப் பேர் போகமாட்டாங்க." அம்மா சட்டென்று நிறுத்தினாள். "உங்கப்பாவா இருக்கும்னு சொல்றியா? அவருக்கு இதெல்லாம் பாக்க ஏது நேரம்? போன்லயே ரெண்டு வார்த்தை பேசறதில்லையே!"

அதுதான் சுண்டெலிக்கும் சந்தேகம். அப்பாவாக இருந்தால்? என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. இல்லாவிட்டால்? என்று இன்னொரு பக்கம் பயந்தது. நேரடியாகக் கேட்டால் அப்பா "இல்லையே" என்று சொல்லிவிடுவார். பாஸ்வேர்டை மாற்றினால் அப்பாவையே வெளியே தள்ளியது போல ஆகிவிடும்.

"நாளைக்குக் காலைல வரைக்கும் விடும்மா. நான் கண்டுபிடிச்சுடறேன்."

வியாழக்கிழமை காய்ச்சல் விட்டிருந்தது. எட்டே காலுக்கே சீருடை போட்டுக்கொண்டு கேட் கேமராவுக்கு முன்னால் போய் நின்றாள். கையில் பெரிய அட்டை. அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்:

அப்பாவா? ஆமான்னா இப்பவே அம்மாவுக்குப் போன் பண்ணுங்க.

முகம் தெரியாத எவனுக்கும் அம்மாவின் நம்பர் தெரியாதே! ஜன்னல் திரைக்குப் பின்னால் அம்மா ஒரு கையில் போனும் இன்னொரு கையில் துணி வெட்டும் கத்தரிக்கோலுமாகக் காவல் நின்றாள்.

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். கை வலித்தது. பின்னால் சைக்கிள் மணி அடித்தது.

"என்ன பாப்பா, வீடு வாடகைக்கா?" என்றார் பால்காரர்.

"இல்ல மாமா" என்றாள். அப்பா இல்லை போலிருக்கிறது. அட்டையைக் கீழே இறக்கினாள்.

உள்ளே போன் அடித்தது.

அம்மா எடுத்துக் காதில் வைத்தாள். கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஓடி வந்து சுண்டெலியிடம் போனை நீட்டினாள்.

"நேத்து ஏன்டா ஸ்கூலுக்குப் போகலை?" என்றது அப்பாவின் குரல். "உடம்பு சரியில்லையா? ஒன்பது இருபது வரைக்கும் பாத்தேன். நீ வரவே இல்லை. லேட்டாப் போய் மேஸ்திரிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

சுண்டெலியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"மூணு வாரம் முன்னாடிதான் ரூமுக்கு நெட் வந்துச்சு. அன்னைலேர்ந்து பாக்கறேன்" என்றார் அப்பா. "நீ எந்தப் பக்கம் வருவேன்னு தெரியாதே? கொல்லைக்கு வருவியோ, படியில வருவியோ. அதான் நாலையும் திறந்தே வெச்சேன். தூங்கறப்பகூட மூட மனசு வரலை."

"அப்புறம் ஏம்ப்பா போன்ல பேசமாட்டேங்கறீங்க?"

"உன் குரலைக் கேட்டா அழுகை வந்துடுது. நீயும் அழுவேன்னு வெச்சுடறேன்."

"அழுதா அழுதுட்டுப் போறேன். பேசுங்க" என்றாள் சுண்டெலி. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நீங்க இப்படி நாலையும் பாக்கறதாலதான் கம்ப்யூட்டர் மூச்சு முட்டிக் கிடக்கு. சனிக்கிழமை அதைத் தூக்கிட்டுப் போகப் போறாங்க!"

"அடக் கடவுளே! நான் செஞ்சதை நானே கெடுத்துட்டேனா? வேலியே பயிரை மேய்ஞ்ச கதையா இல்ல இருக்கு!"

"ஒரே ஒரு கேமரா பாருங்க. சின்ன அளவுல. தூங்கறப்ப மூடிடுங்க. எது வேணும்?"

அப்பா யோசிக்கவே இல்லை. "கேட்."

"ஏன்?"

"எட்டரைக்கு நீ கதவைத் திறந்து, வெளிய வந்து, சாத்திட்டுப் போவே. பதினோரு செகண்ட். எண்ணி வெச்சிருக்கேன். அதைப் பாத்துட்டுத்தான் நான் வேலைக்கே கிளம்பறேன்."

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு விசிறி கத்தவில்லை. சனிக்கிழமை ரிப்பேர் அக்கா பையோடு வந்து, பதிவை ஓட்டிப் பார்த்தாள். பால்காரர் ஒவ்வொரு படியாக ஒழுங்காக ஏறினார். அக்கா புதுப் பெட்டியைத் திறக்காமலேயே திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை எட்டரை மணி. சுண்டெலி கேட்டைத் திறந்தாள். வெளியே வந்தாள். ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினாள். புதுப்பல்லைக் கேமராவுக்குக் காட்டினாள். கணக்கில் வாங்கிய மார்க்கை விரல் விட்டுக் காட்டினாள்.

"ஒரு கேட்டைச் சாத்த இவ்வளவு நேரமாடி?" என்று உள்ளேயிருந்து அம்மா கத்தினாள்.

"துரு பிடிச்சிருக்கும்மா, மெதுவாத்தான் வருது!" என்று கத்திவிட்டு, நேற்றுத்தான் எண்ணெய் போட்ட அந்தக் கேட்டை அங்குலம் அங்குலமாகச் சாத்தத் தொடங்கினாள் சுண்டெலி.