இடைவெளி இல்லாத சுவர்

சுவரில் ஓர் இடைவெளி தெரிந்திருந்தால் புலி காணாமல் போனது முந்தின இரவே தெரிந்திருக்கும். காவலாளி சுற்றி வந்தார், துடைக்கிற பெண் கண்ணாடிகளைத் துடைத்துவிட்டுப் போனாள். இருவர் கண்ணிலும் எதுவும் படவில்லை. காலை ஒன்பதரைக்குத்தான் கம்பெனித் தலைவி ஒராபின் கண்காட்சிக் கூடத்தின் நடுவில் நின்று, "என் புலி எங்க?" என்று கத்தினார்.

பாங்காக்கில் அந்த விளம்பரக் கம்பெனியைத் தெரியாதவர்களுக்குக்கூட அந்தப் புலியைத் தெரியும். எங்கள் ஊர் எழுத்தில் சட்டைக்கும் புலிக்கும் ஒரே எழுத்துகள்தாம். மேலே ஒரு சின்னக் கொக்கி இருந்தால் சட்டை, இல்லாவிட்டால் புலி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு துணிக்கடைக்காக, 'திங்கட்கிழமை சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போங்கள்' என்று வரவேண்டிய விளம்பரம், 'புலி போட்டுக்கொண்டு' என்று அச்சாகி வந்தது. ஊரே சிரித்தது, கடையில் சட்டை தீர்ந்தது. கொக்கியை எடுத்த மேதை என்று ஓவிய இயக்குநர் தேச்சாவின் பெயர் பாடப்புத்தகம் வரை ஏறியது.

இன்று மாலை அவருக்கு வாழ்நாள் சாதனை விருது. எழுத்துகளை வெட்டி ஒட்டிய அசல் அட்டையை மதியம் சட்டத்திலிருந்து பிரித்து அருங்காட்சியகத்தார் படம் பிடிப்பதாக ஏற்பாடு. அந்த அட்டைதான் சட்டத்தோடு போய்விட்டது.

விசாரிக்க வந்தவர் கேப்டன் குங். குங் என்றால் இறால். வீட்டில் வைத்த பெயர் போலீசிலும் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாவுக்கு எதையும் எட்டிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. பூட்டு உடையவில்லை. காவலாளியும் துடைக்கிற பெண்ணும் ஒன்றாகவே வந்து போனவர்கள்; அவர்களை விட்டால் சாவி மூவரிடம்தான் உண்டு.

முதலில் அந்த விளம்பரத்துக்கு வாசகம் எழுதிய நொப்படோன் வந்தார்.

"அந்தப் படத்தைக் கொளுத்தணும்னு நேத்து விருந்துல சொன்னீங்களாமே?"

"வருஷா வருஷம் சொல்றதுதான் கேப்டன். நான் எழுதினது சட்டை. பேர் வாங்கினது புலி. வயித்தெரிச்சல் இருக்காதா?"

"உங்க சட்டைல பொத்தான் மாறிப் போயிருக்கு."

"அப்படியா? காலைலேர்ந்து நாலு பேரைப் பார்த்தேன், ஒருத்தரும் சொல்லலையே!"

அடுத்தது ஒராபின்.

"படங்களை மாட்டினது யாரு?"

"நானேதான். அட்டை ஒட்டுற வேலைல சேர்ந்து இந்த நாற்காலிக்கு வந்தவ நான். ஸ்கேல் இல்லாம ஆணிகூட அடிக்க மாட்டேன். எல்லா இடைவெளியும் ஒரே அளவு. தேச்சா அண்ணனுக்கு அதுதான் ஆகாது."

"ஏன் ஆகாது?" என்று தேச்சாவிடமே கேட்டார் கேப்டன்.

"ஸ்கேல் பொய் சொல்லும் கேப்டன். கண்ணு சொல்லாது." பேசியபடியே கேப்டனின் தொப்பி, தேநீர்க் கோப்பை, செல்போன் மூன்றையும் அவர் வரிசையாக நகர்த்தி வைத்தார். கோப்பையை ஒரு தடவை பார்த்துவிட்டு, தொப்பியையும் செல்போனையும் அதன் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். கை சும்மா இருக்காத மனிதர்.

கேப்டன் கூடத்துக்குப் போனார். படங்கள் மேலே ஓடும் கம்பியிலிருந்து தொங்கின; தள்ளினால் நகரும். ஒரு படம் போன சுவர் பல் விழுந்த வாய் மாதிரி இருக்க வேண்டாமா? இது லட்சணமாக இருந்தது. அதுதான் அவருக்கு உறுத்தியது.

"உதோம், டேப்பைப் போடு."

சார்ஜன்ட் உதோம் அளந்தார். "எல்லாம் ஒரே அளவு மேடம். நடுவுல இருக்கிற இந்த வட்டமான தகர விளம்பரத் தட்டுக்கு ரெண்டு பக்கமும் மட்டும் ரெண்டு விரல் கம்மி."

"பார்த்தா சமமா இருக்கே?"

"அதான் எனக்கும் புரியல."

கேப்டனுக்குப் புரிந்துவிட்டது. மூவரையும் கூப்பிட்டார்.

"புலியை எடுத்தவருக்கு ஓட்டையா கிடக்கிற சுவரைச் சகிக்க முடியல. மத்த படங்களை நகர்த்தி அழகாக்கிட்டுப் போயிருக்கார். திருடனுக்கு எதுக்கு அழகு? நொப்படோன் சாருக்குத் தன் பொத்தானே தெரியல, சுவரா தெரியப் போவுது? ஒராபின் அம்மா நகர்த்தியிருந்தா ஸ்கேல் வெச்சிருப்பாங்க. வட்டத்துக்கு மூலை கிடையாது. அதனால பக்கத்து இடம் கண்ணுக்குப் பெரிசாத் தெரியும். அதைக் கண்ணாலயே பார்த்து நெருக்கி வெக்கிறவர் ஒருத்தர்தான். காலைல என் கோப்பைக்கும் அதையேதான் செஞ்சார். எங்க வெச்சிருக்கீங்க தேச்சா சார்?"

தேச்சா தன் அறை அலமாரிக்குப் பின்னாலிருந்து சட்டத்தை எடுத்து வந்தார்.

"கொக்கியை நான் எடுக்கல. கோந்து காஞ்சு அதுவா விழுந்திருச்சு. அச்சாகி வந்தப்புறம்தான் பார்த்தேன். வேலை போச்சுன்னு நடுங்கிட்டிருந்தேன், ஊரே கைதட்டுது. வேணும்னுதான் செஞ்சேன்னு சொல்லிட்டேன். இன்னிக்குப் பிரிச்சா கோந்துக் கறை தெரிஞ்சிரும், ஒட்டின கொக்கி தானா விழுந்ததுன்னு எல்லாருக்கும் புரிஞ்சிரும். விருது மேடைல நான் திருடன்."

கேப்டன் சட்டத்தைப் பிரித்தார். அதன் உள்விளிம்பு மறைத்திருந்த இடத்தில், எழுத்துக்கு மேலே, மஞ்சளாக ஒரு கோந்துக் கறை. அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"தானா விழுந்ததுக்கு ஓரத்துல எதுக்கு பிளேடு கீறல்? அதுவும் இவ்ளோ நேரா?" அவர் தலை நிமிர்ந்தார். "காலைல நீங்க கம்பெனி புலின்னு சொல்லல ஒராபின் அம்மா. என் புலின்னு கத்தினீங்களாம்."

ஒராபின் சிரித்தார். "அன்னிக்கு அட்டையை வாங்கிப் போக அச்சகத்து ஆளு வாசல்ல நிக்கிறான். சட்டை போட்டுக்கிட்டு வேலைக்குப் போங்கன்னா எவன் திரும்பிப் பார்ப்பான்? கைல பிளேடு இருந்துச்சு."

"அடிப்பாவி! என் வாசகத்தைக் கெடுத்தவ நீயா?" என்றார் நொப்படோன்.

"கெடுக்கல அண்ணே. சீவினேன்."

தேச்சாவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. "ஏம்மா சொல்லல?"

"அப்ப சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும். அப்புறம் சொல்லியிருந்தா உங்க பேரு போயிருக்கும். அந்தப் பேராலதான் கம்பெனி ஓடுது. ஆனா ஒரு நாளாவது நீங்களா வந்து, நான் எடுக்கலன்னு சொல்வீங்கன்னு பார்த்தேன். அதுக்குப் போலீஸ் வரவேண்டியிருக்கு."

புகாரை ஒராபினே திரும்பப் பெற்றார். புலி தன் இடத்துக்கு வந்தது. கீழே இருந்த பெயர் அட்டையில், 'கருத்தும் ஆக்கமும்: தேச்சா' என்று இருந்தது.

"பிளேடு இருக்கா?" என்று கேட்டார் தேச்சா. ஒராபின் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

தேச்சா தன் பெயரை ஓரம் பிசிறாமல் சீவி எடுத்தார். ஒரு காகிதத் துண்டில் 'ஒராபின்' என்று தன் கையால் எழுதி, அந்த இடத்தில் ஒட்டினார். "சாயங்காலம் மேடைலயும் இதையே சொல்றேன்" என்றார்.

ஒராபின் ஸ்கேலை எடுத்துக்கொண்டு கிட்டே போனார். ஒட்டியதை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஸ்கேலைத் திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டார்.