வாப்பா தவழ்ந்த சனிக்கிழமை

மஹ்ரூபின் வீட்டில் பற்றரிகள் சாவதே இல்லை.

இரவில் கடலுக்குக் கொண்டுபோகும் டோர்ச் மங்கினால் போதும். பற்றரிகளைக் கழற்றி, சுளகில் கருவாட்டோடு சேர்த்து வெயிலில் காயவைத்துவிடுவார். "சூடு ஏறினால் இன்னும் ரெண்டு நாளைக்கு எரியும்" என்பார்.

போன கிழமை அவர் மனைவி ஆதிலா கறிக்குக் கருவாடு வெட்டினார். ஒரு துண்டு மட்டும் வெட்டுப்படவே இல்லை. குனிந்து பார்த்தால், பற்றரி!

அதைக் கேட்டு வீடே சிரித்தது. பத்து வயது மகள் இன்ஷிராவும்தான் சிரித்தாள். ஆனால் வியாழக்கிழமையோடு அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் தம்பி பாயிஸ் தவழத் தொடங்கினான். தவழ்ந்த முதல் நாளே, வெள்ளையாய் ஏதோ கசிந்திருந்த ஒரு பற்றரியை வாய்க்குக் கொண்டுபோனான். இன்ஷிரா பாய்ந்து பறித்தாள்.

சனிக்கிழமை காலை, வேலிகளுக்கு நடுவே ஓடும் உப்புவெளி ஒழுங்கைக்குள் ஒலிபெருக்கி கேட்டது.

"வீட்டில கிடக்கிற நஞ்சுக் கழிவைக் குடுங்க! பழைய பற்றரி, பெயின்ற், எலி மருந்து, உடைந்த பல்ப்! பத்து மணி வரைக்கும் பள்ளிக்கூட வாசலில் லொறி நிற்கும்!"

"வாப்பா, குடுப்பமா?"

"என்னத்துக்கு மகள்? எல்லாம் உயரத்தில பத்திரமாக் கிடக்கு. தம்பிக்கு எட்டாது."

"கீழயும் கிடக்கு வாப்பா."

"நான் இந்த வீட்டில தினமும் நடக்கிறன். என்ர கண்ணில ஒண்டும் படேல்லையே!"

இன்ஷிரா கொஞ்சம் யோசித்தாள்.

"தம்பி நடக்கிறதில்லையே வாப்பா. நீங்களும் தவழ்ந்து பாருங்க. குசினி அடுப்படியில இருந்து வாசல் வரைக்கும். ஒண்டும் அகப்படாட்டி, நான் இனி இந்தக் கதையே எடுக்க மாட்டன்."

"அவ்வளவுதானே?" மஹ்ரூப் சாரத்தை மடித்துக் கட்டினார். நஞ்சு எதுவும் படாமல் இருக்க, இன்ஷிரா அவர் கைகளில் பொலித்தீன் பைகளை மாட்டிவிட்டாள். வலை இழுத்து வளர்ந்த அந்தப் பெரிய மனிதர் நான்கு காலில் நின்றார்.

பாயிசுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே! தவழத் தொடங்கியதிலிருந்து முழங்கால் வரைக்கும்தான் அவனுக்குத் தெரிந்த வாப்பா, இன்றைக்கு முகத்தோடு இறங்கி வந்திருக்கிறார். "ஆ!" என்று கத்திக்கொண்டு அவன் முன்னால் தவழ்ந்தான்.

கதிரைக்கு அடியில் ஒரு பற்றரி. அரிசி வாளிக்குப் பின்னால் எலி மருந்துப் பக்கற்.

"ரெண்டுதானே" என்றார் மஹ்ரூப், மூச்சு வாங்கியபடி.

வேலிக்கு மேலால், திறந்து கிடந்த கதவுக்குள் பக்கத்து வீட்டுக் குணேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "மஹ்ரூப் நானா! என்ன தொலைச்சுப்போட்டீங்கள்?"

"ஒண்டும் தொலைக்கேல்லை தங்கச்சி. எல்லாம் அகப்படுது!"

பாயிஸ் அலுமாரிக்குப் பின்னால் புகுந்தான். மஹ்ரூப் கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தார். சுளகிலிருந்து உருண்டுபோன பற்றரிகள் ஆறு. அவற்றுக்கு நடுவே ஒரு தோடம்பழச் சோடாப் போத்தல். படகுக்குப் பெயின்ற் அடித்தபோது, பெயின்ற் கரைக்கிற தின்னரில் மிஞ்சியதை அவர்தான் அதில் ஊற்றி வைத்திருந்தார். பாயிஸ் அதன் கழுத்தைப் பிடித்து இழுத்தான். மூடி பாதிதான் பூட்டியிருந்தது.

"ஆதிலா! பிள்ளையைத் தூக்கு!"

ஆதிலா ஓடிவந்து தூக்கினார். மஹ்ரூப் போத்தலை எடுத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். 

"மணி என்ன?" என்று கேட்டார்.

"பத்தாகப் பத்து நிமிசம்."

அவர் துள்ளி எழுந்தார். "இதைக் கழிவுத் தண்ணிக் கானுக்குள்ள ஊத்திப்போட்டு, மிச்சத்தைக் கொண்டு ஓடுவம்!"

"கான் எங்க போகுது வாப்பா?"

"கடலுக்கு."

"நாளைக்கு வலையை எங்க போடுவீங்க?"

  மஹ்ரூப் போத்தலின் மூடியை இறுக்கி மூடினார்.

பள்ளிக்கூட வாசலில், லொறியோடு வந்த மதிவதனா என்ற அக்கா வெறும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வந்தது ஒரேயொரு பல்ப்.

"நில்லுங்க பிள்ளை! நாங்க வாறம்!" மஹ்ரூப் கத்திய கத்தலில் மரத்துக் காகங்கள் எல்லாம் பறந்தன.

மதிவதனா கையுறையோடு வாங்கினாள். பற்றரி ஒரு பெட்டிக்கு, எலி மருந்து இன்னொன்றுக்கு, தின்னர் தனியாக. சோடாப் போத்தலைப் பார்த்ததும் அவள் புருவம் உயர்ந்தது.

"அது என்ர மடத்தனம்" என்று மஹ்ரூப் தானாகவே சொன்னார். "இனிச் செய்ய மாட்டன்."

அதற்குள் பின்னால் குணேஸ்வரி வந்து நின்றாள். கையில் மூன்று பூச்சி மருந்துப் போத்தல்கள். அவளுக்குப் பின்னால் முன்வீட்டுக் கலீலுர் றஹ்மான், பெயின்ற் தகரங்களோடு. மஹ்ரூப் தவழ்ந்த செய்தி வேலிக்கு வேலி பறந்திருந்தது. மதிவதனா மறுபடி இறக்கிய பெட்டிகள் போதாமல், லொறிக்காரர் இன்னும் இரண்டைத் தேடி எடுத்தார்.

மதிவதனா வரிசையைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். "ஏன் எல்லாற்ற முழங்காலிலயும் மண்?"

"இந்த ஒழுங்கை வழக்கம் அது" என்றார் மஹ்ரூப், பெருமையோடு.

அன்று பின்னேரம் பாயிஸ் குசினியிலிருந்து கிளம்பினான். கதிரையைக் கடந்தான், அலுமாரியைக் கடந்தான். யாரும் கத்தவில்லை, யாரும் ஓடிவரவில்லை. வாசல் வரைக்கும் போய், அங்கே கிடந்த வாப்பாவின் செருப்பை எடுத்து ஒரு கடி கடித்தான்.

முகத்தைச் சுளித்துவிட்டு, தானாகவே கீழே வைத்தான்.